முதலில் ஊசி, பிறகுதான் கத்தி

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் ‘பைராட்ஸ் 4’ என்று இருக்கும். அதற்குக் கீழே, திசுப் பரிசோதனை செய்து பார்க்கவும் என்று ஒரு வரி. அன்று மாலைக்குள் சொந்தபந்தம் முழுக்கச் சேதி போய்விடும். “ஊசி வச்சுக் குத்தவே கூடாது, பரவிடும்” என்பார் சித்தி. “எதுக்கு ரெண்டு வேலை? கட்டியையே எடுத்துடச் சொல்லு” என்பார் பெரியப்பா. “ஊசி டெஸ்ட்தான் ஏற்கெனவே எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு பயாப்ஸி?” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இந்த மூன்றில் எதைக் கேட்டு நடந்தாலும் சிகிச்சை தடம் மாறிப் போகும்.

சென்னையில் ஒரு காலத்தில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது. பிறகு மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது. 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இது புதிதாக வந்திருக்கிறது. அதே சமயம், மார்பில் கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. இளம் பெண்களுக்கு வரும் ஃபைப்ரோஅடினோமா என்ற நார்க்கட்டி, நாற்பதுகளில் வரும் நீர்க்கட்டி, பாலூட்டும் தாய்க்கு வரும் சீழ்க்கட்டி, பார்ப்பதற்குப் புற்றுநோய் போலவே மிரட்டும் கிரானுலோமா அழற்சி, சில நேரம் காசநோய் என்று பட்டியல் நீளம். எது எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் பயாப்ஸி.

பைராட்ஸ் என்பது அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு வகுத்த வரிசை எண். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் புற்றாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். 5 என்றால் 95 சதவீதத்துக்கு மேல். இடையில் கிடக்கும் 4-தான் எல்லோரையும் தூங்கவிடாமல் செய்கிறது. 2 முதல் 95 சதவீதம் வரை எதுவும் அதற்குள் அடங்கும் என்பதால் அதையே மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: 4ஏ என்றால் 10 சதவீதம் வரை, 4பி என்றால் 50 வரை, 4சி என்றால் 95 வரை. ஆகவே ரிப்போர்ட்டில் வெறும் 4 என்று இருந்தால், ஏ-யா பி-யா சி-யா என்று கேளுங்கள். 4ஏ வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்காவது புற்று இருக்காது. ஆனாலும் எந்த எழுத்தாக இருந்தாலும் திசுவைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஸ்கேன் சந்தேகத்தைச் சொல்லும். மைக்ராஸ்கோப்தான் தீர்ப்புச் சொல்லும்.

மயக்கம் தெளிந்தால்தான் தெரியும்

பெரியப்பா சொன்ன “கட்டியையே எடுத்துடு” என்பது ஒரு காலத்தில் உலகம் முழுவதும் மருத்துவ வழக்கமாகவே இருந்தது. பெண்ணுக்கு மயக்கம் கொடுப்பார்கள். கட்டியை வெட்டி எடுத்து, அதை உறையவைத்து, ஆபரேஷன் தியேட்டர் காத்திருக்கும்போதே பெத்தாலஜி மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். புற்று என்றால் அதே மயக்கத்தில் மார்பகம் முழுவதும், அதன் அடியில் உள்ள தசையும், அக்குள் நெறிகளும் அகற்றப்படும். கண் விழித்துப் பார்த்தால்தான் மார்பகம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். 1974 செப்டம்பர் 28-ஆம் தேதி அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் இப்படித்தான் நடந்தது.

அதே ஆண்டில் ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கும் கட்டி தென்பட்டது. முதலில் பயாப்ஸி மட்டும் செய்யுங்கள், முடிவு தெரிந்த பிறகு என்ன செய்வது என்று நான் யோசித்துச் சொல்கிறேன் என்றார் அவர். இதற்கு ஒத்துக்கொள்ளும் அறுவை மருத்துவரைக் கண்டுபிடிக்கவே அவர் அலைய வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதி, விடாமல் வாதாடினார். 1979-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, கண்டறிவது ஒரு கட்டம், சிகிச்சை இன்னொரு கட்டம் என்று பரிந்துரைத்தது. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘பயாப்ஸி ரிப்போர்ட் வரட்டும், பேசிக்கலாம்’ என்ற வாக்கியத்துக்குப் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது.

அப்போது பயாப்ஸி என்றாலே பெரும்பாலும் கத்திதான். ஊசி அந்த இடத்தைப் பிடித்தது அதற்குப் பிறகு.

மெல்லிய ஊசி

நம் ஊரில் ‘ஊசி டெஸ்ட்’ என்று சொல்வது பெரும்பாலும் எஃப்.என்.ஏ.சி.யைத்தான். ரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடித்ததல்ல. 22 அல்லது 23 கேஜ். இந்த கேஜ் கணக்கு தலைகீழானது: எண் கூடக் கூட ஊசி மெலியும். சாதாரண சிரிஞ்சில் அதை மாட்டி, கட்டிக்குள் செலுத்தி, உறிஞ்சியபடியே முன்னும் பின்னும் நாலைந்து முறை அசைத்து, வந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்ப்பார்கள். மரத்துப்போகும் மருந்துகூடப் பெரும்பாலும் போடுவதில்லை. பத்து நிமிட வேலை. செலவு குறைவு, அன்றோ மறுநாளோ ரிப்போர்ட்.

1930-லேயே நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டினும் எல்லிஸும் ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் முறையை எழுதிவைத்தார்கள். பிறகு சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து மருத்துவர்கள் மெல்லிய ஊசியைக் கொண்டு அதை வளர்த்தெடுத்தார்கள். வசதி குறைந்த நாடுகளுக்கு இது ஒரு வரம். நம் அரசு மருத்துவமனைகளில் நாளொன்றுக்கு எத்தனையோ பேருக்கு இந்தச் சோதனைதான் முதல் பதிலைத் தருகிறது.

ஆனால் இந்த ஊசியில் வருவது தனித்தனி செல்கள். அவை எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன என்பது வராது. மார்பகத்தில் அந்த அடுக்குத்தான் முக்கியம். புற்று செல்கள் பால்குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கின்றனவா, குழாய்ச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே ஊடுருவிவிட்டனவா என்ற கேள்விக்கு எஃப்.என்.ஏ.சி.யால் பதில் சொல்ல முடியாது. முதல் வகை குழாய்க்குள் அடங்கியிருக்கும்வரை உயிரைப் பறிப்பதில்லை. இரண்டாவது உடலில் பரவக்கூடியது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. இன்னொரு சிக்கல், லோபுலர் எனப்படும் பால்சுரப்பி மடல் வகைப் புற்றில் ஊசிக்குச் செல்களே சரியாக வராது. தகட்டில் போதுமான செல் இல்லாமல் ‘புற்று செல்கள் தென்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால், கட்டியில் புற்று இல்லை என்று அர்த்தமாகாது. தகட்டில் இல்லை, அவ்வளவுதான். ஊசி போட்டவரின் கைப்பழக்கமும் தகட்டைப் பார்ப்பவரின் அனுபவமும் சேர்ந்துதான் இந்தச் சோதனையின் தரத்தை முடிவு செய்கின்றன.

அதனால் எஃப்.என்.ஏ.சி.யைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நீர்க்கட்டியா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை: ஊசி போட்டதும் தெளிந்த நீரோ பச்சை கலந்த நீரோ வந்து கட்டி மறைந்துவிட்டால் கதை முடிந்தது. ரத்தம் கலந்து வந்தால் மட்டும் அதைச் சோதனைக்கு அனுப்புவார்கள். சீழ்க்கட்டிக்கும், அக்குளில் வீங்கிய நெறிக்கட்டிக்கும் இது நல்ல கருவி. ஆனால் ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய் என்று முடிவுகட்டி, மார்பகத்தையோ முடியையோ இழக்கச் செய்யும் சிகிச்சையைத் தொடங்க எஃப்.என்.ஏ.சி. மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக்காரரின் கேள்விக்கு இதுதான் பதில்.

டக்கென்று ஒரு சத்தம்

இன்று மார்பகக் கட்டிக்கு முதல் தேர்வு கோர் பயாப்ஸி. சில மருத்துவமனைகளில் ‘ட்ரூகட்’ என்பார்கள். ஊசி 14 கேஜ், அதாவது வெளி அகலம் சுமார் 2 மில்லிமீட்டர். அதை ஸ்பிரிங் வைத்த துப்பாக்கி போன்ற கருவியில் பொருத்தியிருப்பார்கள். பெயரும் உருவமும்தான் பயமுறுத்துகின்றன. நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

மல்லாக்கப் படுத்து, அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை மார்பில் வைத்து, திரையில் கட்டியைக் கொண்டுவருவார் கதிரியக்க மருத்துவர். முதலில் லிக்னோகெய்ன் ஊசி. வலிப்பது அதுதான்; சில நொடி எரியும், பிறகு மரத்துவிடும். தோலில் பிளேடு முனையால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல். அதன் வழியே ஊசி உள்ளே போகும். செங்குத்தாகக் குத்தமாட்டார்கள், மார்புச் சுவருக்கு இணையாகப் படுக்கவைத்துச் செலுத்துவார்கள், நுரையீரல் பக்கம் ஊசி போகாமலிருக்க. முனை கட்டியைத் தொட்டதைத் திரையில் உறுதி செய்துகொண்டு, “இப்ப சத்தம் வரும்மா, அசையாதீங்க” என்று சொல்லிவிட்டு விசையை அழுத்துவார். டக். நோட்டுப் புத்தகத்துக்குப் பின் அடிக்கும் ஸ்டேப்ளரின் சத்தம்தான். உள்ளே ஒரு கண்ணிமைக்கும் நேரத்தில், ஊசியின் பள்ளத்தில் விழுந்த திசுவை மேலுறை வெட்டிப் பிடித்துக்கொள்ளும். ஊசியை வெளியே எடுத்தால், இரண்டு சென்டிமீட்டர் அளவில் வெண்மையாக ஒரு மெல்லிய இழை. அதை ஃபார்மலின் புட்டியில் போடுவார்கள். கட்டியின் திசு பெரும்பாலும் அடியில் போய்ப் படியும். வெறும் கொழுப்பு மிதக்கும். கைதேர்ந்த மருத்துவர்கள் புட்டியை ஒருமுறை பார்த்தே, சரியான இடம்தானா என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள். ஒரே கீறல் வழியாக இப்படி மூன்றிலிருந்து ஆறு இழைகள் எடுத்து முடித்ததும் பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். தையல் கிடையாது. பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் அந்த இடம் கன்றிப்போய் நீலம் பாரிக்கும். ஒரு வாரத்தில் மஞ்சளாகி மறையும்.

ஏன் இத்தனை இழை? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மார்பகக் கட்டிக்குப் பொருந்தாது. இந்தப் பானையில் ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் இருக்கும். ஓரத்தில் நல்ல திசு, நடுவில் செத்த திசு, வேறொரு மூலையில் புற்று என்று கலந்துகிடக்கலாம். அதனால்தான் பல இடங்களில் எடுக்கிறார்கள்.

கையில் தட்டுப்படும் கட்டிக்கு ஸ்கேன் எதற்கு, கையால் பிடித்துக்கொண்டே ஊசி போடலாமே என்று தோன்றும். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இதற்கு எண்ணில் பதில் சொல்கிறது. சராசரி ஆபத்துள்ள பெண்களில், கையால் தடவிப் பார்த்து எடுத்த கோர் பயாப்ஸி நூறு புற்றில் 91-ஐக் கண்டுபிடித்தது. ஸ்கேன் பார்த்து எடுத்தபோது 99. அந்த எட்டுப் பேரில் ஒருவராக யாரும் இருக்க விரும்பமாட்டார்கள். ஸ்கேன் பார்த்துச் செய்யும் வசதி ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்தால் அதைக் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

கோர் பயாப்ஸி ரிப்போர்ட் உடனே வராது. எங்கே தாமதம் என்று பலர் லேபில் சண்டை போடுகிறார்கள். திசு குறைந்தது 6 மணி நேரமாவது ஃபார்மலினில் ஊற வேண்டும். 72 மணி நேரத்துக்கு மேல் ஊறக்கூடாது. பிறகு மெழுகுக் கட்டியில் பதித்து, தாளைவிட மெல்லிதாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். புற்று என்று தெரிந்தால் அதே திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்ற மூன்று சோதனைகள். ஹெர்-2 முடிவு இரண்டுங்கெட்டானாக 2+ என்று வந்தால் ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை. எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். இந்தத் தாமதம் நோயின் போக்கை மாற்றாது. பயத்தில் மாதக்கணக்காகத் தள்ளிப்போடுவதுதான் மாற்றும்.

இந்த மூன்று சோதனைகளும் வெறும் கூடுதல் தகவல் அல்ல. சிகிச்சையின் வரிசையையே அவைதான் தீர்மானிக்கின்றன. ஹெர்-2 இருந்தாலோ, மூன்றும் இல்லாத ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகையாக இருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிக்கு முதலில் கீமோ, பிறகுதான் அறுவை என்பது இன்றைய நடைமுறை. கட்டி மருந்துக்கு எப்படிக் கரைகிறது என்பதைக் கண்ணால் பார்த்து, அதற்கேற்ப அடுத்த மருந்தை மாற்றலாம். மார்பகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பும் கூடும். கட்டியை முதலிலேயே அறுத்தெடுத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

மணல் துகள் போன்ற புள்ளிகள்

சில புற்றுகள் கட்டியாகவே வராது. மேமோகிராமில் மணலைத் தூவியதுபோல் சுண்ணாம்புப் புள்ளிகள் மட்டும் தெரியும். கைக்கும் தட்டுப்படாது, ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. பால்குழாய்க்குள் அடங்கிய ஆரம்ப நிலைப் புற்று இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். இதற்கு ஸ்டீரியோடாக்டிக் முறை. மார்பகத்தை அழுத்திப் பிடித்து, இரண்டு வெவ்வேறு கோணங்களில் எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டு படத்திலும் புள்ளி எவ்வளவு இடம் மாறுகிறது என்பதை வைத்து, அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணினி கணக்கிட்டுவிடும். சில மையங்களில் நடுவில் துளை வைத்த மேஜையில் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். சிலவற்றில் உட்கார்ந்தே செய்துகொள்ளலாம்.

இங்கே பெரும்பாலும் பயன்படுவது வாக்குவம் பயாப்ஸி. 1990-களின் நடுவில் வந்த இந்தக் கருவியின் ஊசி 7 முதல் 11 கேஜ், கோர் ஊசியைவிடத் தடிமன். ஒருமுறை உள்ளே போனால் வெளியே வராமல், சுழன்று சுழன்று திசுவை உறிஞ்சி வெட்டி, பத்துப் பன்னிரண்டு துண்டுகளை எடுத்துவிடும். எடுத்த துண்டுகளையே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். புள்ளிகள் துண்டில் இருந்தால் சரியான இடம். இல்லையென்றால் அங்கேயே மறுபடி எடுக்க வேண்டும். கடைசியில், எள்ளைவிடப் பெரிதாக இல்லாத ஒரு டைட்டானியம் கிளிப்பை அந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். பின்னால் அறுவை செய்பவருக்கு அதுதான் அடையாளம். உள்ளே இரும்பு கிடக்கிறதே என்று கலங்க வேண்டாம். அது டைட்டானியம் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், விமான நிலையத்தில் கத்தாது. கீமோவை முதலில் கொடுக்கப்போகிற கட்டியிலும் இந்தக் கிளிப்பைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கீமோவில் கட்டி முழுக்கக் கரைந்துபோனால், எந்த இடத்தை அறுப்பது என்று தெரியாமல் மருத்துவர் திண்டாட வேண்டியிருக்கும்.

பெரிய துண்டுகள் வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஊசியில் ‘குழாய்க்குள் அடங்கிய புற்று’ என்று வந்த பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, அறுவைக்குப் பிறகு ஊடுருவிய புற்றும் இருந்தது தெரியவந்திருக்கிறது. 14 கேஜ் ஊசியில் இந்தப் பிழை கூடுதல், வாக்குவத்தில் குறைவு. குறை என்னவென்றால் விலை. ஊசிச் செட்டு ஒவ்வொன்றும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிவது. மேஜையும் கருவியும் பெரிய நகரங்களின் சில மையங்களில்தான் இருக்கின்றன. சாதாரணக் கட்டிக்கு இது தேவையும் இல்லை, கோர் போதும்.

எம்.ஆர்.ஐ. பார்த்து எடுக்கும் பயாப்ஸி இன்னும் அரிது. மார்பகப் புற்று அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்கள் போன்றோருக்கு எம்.ஆர்.ஐ.யில் மட்டும் ஏதாவது தெரிந்தால்தான் அந்தப் பேச்சே வரும். அதற்கு முன், அதே இடத்தை ஸ்கேனில் இன்னொரு தடவை தேடிப் பார்ப்பார்கள், கிடைத்துவிட்டால் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க வேண்டியதில்லை.

காம்பில் ஆறாத புண்ணோ சொறியோ இருந்தால், ஆரஞ்சுத் தோல்போல் மார்பு சிவந்து தடித்திருந்தால், தோலிலிருந்தே வட்டமாக ஒரு சிறு துண்டு எடுக்கும் பஞ்ச் பயாப்ஸி செய்வார்கள். ‘சொறிக்கு எதுக்கு பயாப்ஸி’ என்று களிம்பு தடவி மாதங்களை வீணாக்குபவர்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

கத்திக்கு எப்போது வேலை

அறுத்து எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி ஒழிந்துவிடவில்லை. ஊசியில் ‘அட்டிபிக்கல்’ என்று, அதாவது புற்றும் அல்ல, முழுக்க நல்லதும் அல்ல என்று வந்தால் எடுத்துப் பார்ப்பதே முறை. வேகமாக வளரும் ஃபிலாய்ட்ஸ் கட்டியை ஊசியால் நார்க்கட்டியிலிருந்து பிரித்தறிவது கடினம்; அதையும் எடுத்தாக வேண்டும். புள்ளிகள் மட்டும் தெரிந்து, பக்கத்தில் ஸ்டீரியோடாக்டிக் வசதியும் இல்லையென்றால், முனையில் கொக்கி வைத்த மெல்லிய கம்பியைச் செலுத்தி இடத்தைக் குறித்துவிட்டு அறுவை செய்வார்கள். மற்றபடி, ஊசி போட முடிகிற கட்டியை நேராகக் கத்திக்குக் கொடுப்பதை நான் நியாயமாகக் கருதவில்லை.

நியாயமில்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறுத்தெடுத்தபின் புற்று என்று தெரிந்தால், ஓரங்களில் மிச்சம் இருக்கலாம் என்பதால் மறுபடி அறுவை. முதல் கீறல் தவறான இடத்தில் இருந்தால் அடுத்த கீறல் இன்னும் பெரிதாகும். கீமோவை முதலில் கொடுக்கும் வாய்ப்பு போய்விடும். கட்டி நல்லது என்று தெரிந்தாலும், தேவையற்ற தழும்பும் மயக்க மருந்தும் மிச்சம். ஊசி பயாப்ஸியில் பெரிய சிக்கல்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று மேலே சொன்ன முகமையே கணக்கிட்டிருக்கிறது. அறுவையில் ரத்தக்கட்டும் தொற்றும் அதைவிட எவ்வளவோ அதிகம். கண்டுபிடிக்கும் திறனிலோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இது வசதி குறைந்த நாடுகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2003 முதல் 2008 வரை நடந்த மார்பக பயாப்ஸிகளை ஆராய்ந்தபோது, 30 சதவீதம் அறுவையாகவே செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது அது.

சித்தியின் பயம்

ஊசி குத்தினால் பரவும் என்ற பயம் முட்டாள்தனமான பயம் அல்ல. ஊசி போன வழியில் புற்று செல்கள் சிதறுவது உண்மைதான். 1999-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஊசி பயாப்ஸிக்குப் பிறகு அறுவை செய்த 352 பேரின் திசுக்களைப் பார்த்தார்கள். சுமார் மூன்றில் ஒருவருக்கு ஊசித் தடத்தில் இடம்பெயர்ந்த செல்கள் இருந்தன. ஆனால் ஊசி போட்டு 15 நாட்களுக்குள் அறுவை செய்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு இருந்த அந்தச் செல்கள், 28 நாட்களுக்குப் பிறகு செய்தவர்களில் 15 சதவீதம் பேருக்கே இருந்தன. நாள் ஆக ஆகச் செல்கள் குறைகின்றன என்றால், இடம் மாறிய செல்கள் அங்கே பிழைக்க முடியாமல் சாகின்றன என்றுதான் அர்த்தம். பிறகு வரும் அறுவையும் கதிர்வீச்சும் அந்தப் பகுதியையும் சேர்த்தே கவனித்துக்கொள்கின்றன. உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான ஊசிகள் போட்டாகிவிட்டது. ஊசித் தடத்தில் புற்று முளைத்த சம்பவங்கள் மிக மிக அபூர்வம்.

பின் ஏன் ‘ஊசி போட்டபிறகுதான் அவளுக்கு ஏறிடுச்சு’ என்ற கதைகள் ஊருக்கு ஒன்று இருக்கின்றன? பயாப்ஸிக்கு வருவதற்குள் நோய் முற்றியிருந்தது, அல்லது பயாப்ஸி முடிந்து சிகிச்சைக்குப் போகாமல் ஆறு மாதம் போய்விட்டது. பழி ஊசியின் மேல் விழுந்துவிட்டது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

நல்ல ரிப்போர்ட் வந்தால் கோயிலுக்குப் போகும் முன் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: ஸ்கேனில் பார்த்ததும் பயாப்ஸியில் வந்ததும் ஒத்துப்போகிறதா? மருத்துவர் தடவிப் பார்த்தது, மேமோகிராமும் ஸ்கேனும் காட்டியது, திசு சொன்னது, மூன்றும் ஒரே திசையில் இருந்தால்தான் நிம்மதி. பைராட்ஸ் 5 என்று வந்த கட்டியில் பயாப்ஸி ‘சாதாரண நார்த்திசு’ என்று சொன்னால், அது நல்ல செய்தி அல்ல; ஊசி கட்டிக்குள் போகவில்லை என்ற செய்தி. மறுபடி எடுக்க வேண்டும். இந்த ஒப்பிடும் வேலையை யார் செய்கிறார்கள் என்பதில்தான் நம் ஊரில் ஓட்டை இருக்கிறது. ஸ்கேன் ஓரிடம், லேப் ஓரிடம், டாக்டர் ஓரிடம் என்று அலையும் நோயாளிக்கு, மூன்று காகிதத்தையும் ஒரே மேஜையில் விரித்துவைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லாமல் போய்விடுகிறது. நீங்களே கொண்டுபோய் வைத்துக் கேளுங்கள்: “மூணும் ஒத்துப்போகுதா டாக்டர்?”

ஊசிக்குப் போகும் முன்பே சில வேலைகள் உண்டு. மேமோகிராமை பயாப்ஸிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊசி போட்டபின் கட்டும் ரத்தம் படத்தைக் குழப்பும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரையை நிறுத்துவது கட்டியைவிட ஆபத்தாகலாம். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டிக்கொண்டிருந்தாலோ அதையும் கட்டாயம் சொல்லுங்கள். அப்போதும் கோர் பயாப்ஸி செய்யலாம். ஆனால் பால் சுரக்கும் திசுவின் செல்கள் பார்ப்பதற்குப் புற்றுபோல் ஏமாற்றும் என்பதால், தகட்டைப் பார்ப்பவருக்கு அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

லேபுக்குப் போகும் படிவத்தில் ‘வலது மார்பகம், 10 மணி திசை, காம்பிலிருந்து 3 செ.மீ.’ என்பது போல எழுதுவார்கள். மார்பகத்தைக் கடிகார முகமாக நினைத்து இடத்தைக் குறிக்கும் முறை அது. இரண்டு கட்டி இருந்து இரண்டிலும் எடுத்தால் இரண்டு தனிப் புட்டி, இரண்டு தனிப் பெயர்ச்சீட்டு. உங்கள் பெயர், வயது, பக்கம் சரியாக இருக்கிறதா என்று புட்டியை ஒருமுறை வாங்கிப் பார்ப்பதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

ரிப்போர்ட் காகிதத்தோடு நின்றுவிடாமல், திசு பதித்த மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பிளாக் கையில் இருந்தால் இன்னொரு நிபுணர் பார்த்துச் சொல்லலாம், விட்டுப்போன சோதனைகளை அதிலேயே செய்யலாம்; மறுபடி ஊசி வேண்டியதில்லை.

கட்டி தட்டுப்பட்ட முதல் நாளே “அட்மிட் ஆகிடுங்க, எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால், “கோர் பயாப்ஸி பார்த்துட்டு முடிவு பண்ணலாமா டாக்டர்?” என்று கேளுங்கள். அதற்காகப் பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டியிருந்தாலும் போய்வாருங்கள்.